நீ வரைந்த ஆறு விரல்கள்

அன்புள்ள ரகு,

நீ மலையாளத்தை ஓட்டமாக வாசிப்பாய். தமிழை எழுத்தெழுத்தாகத்தான் வாசிப்பாய். இந்த ஒரு கடிதத்துக்கு அது நல்லது. மாலதி கோயம்புத்தூர்ப் பெண், ஐந்து நிமிடத்தில் வாசித்துச் சொல்லிவிடுவாள் என்று அவள் கையில் கொடுத்துவிடாதே. முதலில் நீ மட்டும் வாசி. நடுவில் எழுந்து போகாதே.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டபோது நான் உன்னிடம் பொய் சொன்னேன். "அம்மா, ஸ்கேன்ல குழந்தைக்கு இடது கையில ஆறு விரல் தெரியுதாம். நம்ம வீட்டுல யாருக்காவது இப்படி இருந்திருக்கா? எனக்கு முன்னாடி உங்களுக்குக் குழந்தை ஏதாவது தங்காம போயிருக்கா? டாக்டர் கேக்கச் சொன்னாங்க" என்றாய். விரல் மட்டும் என்றால் பயமில்லை, ஆனால் இதே குடும்பத்தில் ஆறு விரலோடும் இருதயக் கோளாறோடும் ஒரு குழந்தை பிறந்திருந்தால் இந்தக் குழந்தையின் இருதயத்தைத் தனியாக எக்கோ எடுத்துப் பார்க்க வேண்டும், பிரசவத்தையும் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சொன்னதையும் சொன்னாய். நான் யோசிக்காமல், "அப்படி யாரும் இல்லை. நீதான் எனக்கு முதலும் கடைசியும்" என்றேன். நீ "அப்பாடா" என்றாய். பிறகு மாலதியிடம் திரும்பி, "ஒண்ணும் இல்லையாம்" என்று சொன்னதும் எனக்குக் கேட்டது. அதன் பிறகு மூன்று முறை போனை எடுத்து உன் எண்ணை அழுத்தினேன். மூன்று முறையும் மணி அடிக்கும் முன்பே வைத்துவிட்டேன்.

உண்மை இது. உனக்கு ஆறு வருடம் முன்னால் எனக்கு ஒரு பெண் பிறந்தாள். ஏழாம் மாதம் முடியும் முன்பே வலி வந்துவிட்டது. கன்னிகாஸ்திரீகள் நடத்திய ஆஸ்பத்திரி. ஐந்தாறு மூச்சு விட்டாள் என்று பிறகு சொன்னார்கள். உடம்பு நீலமாக இருந்தது. டாக்டராக இருந்த சிஸ்டர் என் தலையைத் தடவி, "ஹார்ட்தான் மோளே, அது சரியா உண்டாகல. நீ ஒண்ணும் தப்புப் பண்ணல" என்றார். காண்பிக்க மாட்டேன் என்றார்கள். நான் பிடிவாதமாகக் கேட்டதால் வெள்ளைத் துணியில் சுற்றியபடி அரை நிமிடம் காட்டினார்கள். இடது கை மட்டும் துணிக்கு வெளியே இருந்தது. எனக்கு எதையும் எண்ணிப் பார்க்கும் பழக்கம் உண்டு என்பது உனக்குத் தெரியும். எண்ணினேன், ஆறு விரல்கள் இருந்தன. சுண்டுவிரலை ஒட்டி, அரிசி நொய் அளவு நகத்தோடு இன்னொன்று. காலைப் பார்ப்பதற்குள் எடுத்துப் போய்விட்டார்கள். உன் அப்பாதான் துணியோடு வாங்கிக்கொண்டு போனார். சாயங்காலம் வந்து குளித்தார். "ஆச்சு" என்றார். எங்கே என்று கேட்டேன். "முனிசிபாலிட்டி மயானத்துல. ஒரு மூலையில" என்றார். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. யூதர்களின் பழைய தெருவான ஜூ டவுன் பக்கம் மிளகு ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்தேன். பதினைந்தாம் நாள் வேலைக்குப் போய்விட்டேன். யாரும் என்னைப் பார்த்துப் பரிதாபப்படக் கூடாது என்பதில் எனக்கு அவ்வளவு வீம்பு.

இனி உன் படிப்புக்கு வருகிறேன். இந்தக் கடிதம் அதைப் பற்றியதும்தான். மெடிக்கல் என்ட்ரன்சில் உனக்கு இடம் கிடைக்கவில்லை. உன் அப்பா விலங்கியல் துறை மியூசியத்தில் அட்டெண்டராக இருந்த அதே எறணாகுளம் கல்லூரியில் பி.எஸ்சி. சேர்ந்தாய். தெருவில் பலரும், "சுவாலஜியா? ஓ" என்றார்கள். அந்த "ஓ" எனக்குப் பிடிக்கவில்லை. மூன்று வருடம் ஒருவன் ஒரு பொருளைக் கண்ணால் பார்த்து, பார்த்ததைக் காகிதத்தில் வைக்கக் கற்றுக்கொண்டால் அது சின்னப் படிப்பு அல்ல என்று எனக்குத் தெரியும். எனக்குக் கான்வென்டில் அதைக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். அதனால்தான் வெள்ளிக்கிழமைதோறும் உன் ரெக்கார்டு நோட்டை வாங்கிப் பார்த்தேன். பென்சில் முனை ஊசியாக இருக்க வேண்டும். நிழல் தீட்டக் கூடாது, புள்ளிதான் வைக்க வேண்டும். பெயர் எழுதும் கோடுகள் ஒன்றையொன்று வெட்டக் கூடாது. கரப்பான்பூச்சியின் வாய் உறுப்புகளை நான்கு முறை வரைய வைத்தேன். "எக்ஸாமினர்கூட இவ்வளவு பாக்க மாட்டாங்கம்மா" என்று முனகிக்கொண்டே வரைந்தாய். "புத்தகத்தில் இருப்பதை வரையாதே, உன் முன்னால் இருப்பதை வரை" என்று நான்தான் உனக்குச் சொல்லிச் சொல்லிப் பழக்கினேன். இதை ஞாபகம் வைத்துக்கொண்டு மேலே வாசி.

இரண்டாம் வருடம் கருவியல் பாடம் வந்தது. ஒரு மாலை நீ கப்பைக் கிழங்கும் மீனும் சாப்பிட்டுக்கொண்டே சிரித்தாய். "அம்மா, அப்பா ஒரு ஜார்கிட்ட மட்டும் தமிழ்ல பேசறாரு. மூணாவது அலமாரில சிசு இருக்கே, அதுகிட்ட. 'இன்னிக்கு ஒரே சூடு பாப்பா, கொஞ்சம் மருந்து ஊத்தறேன்'ங்கறாரு. பசங்க எல்லாம் கேட்டுட்டாங்க." உன் அப்பா முற்றத்தில் கை கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர் விழும் சத்தம் நின்றது. நீ இன்னொன்றும் சொன்னாய். உன் நண்பன் ஒருவன் அந்தக் கண்ணாடிச் சாடியையும் உன்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "எடா, இதின்றெ மூக்கு நின்றெ மூக்காணல்லோ. நின்றெ சேச்சியா?" என்றானாம், மூக்கு அப்படியே உன் மூக்கு, உன் அக்காவா என்று. வகுப்பே சிரித்ததாம். அப்பா கையிலிருந்த ஸ்லைடு தட்டு கீழே விழுந்து அத்தனையும் உடைந்ததாம். "எச்.ஓ.டி. செம திட்டு" என்றாய். நானும் சிரித்தேன். "வயசாச்சு, கை நடுங்குது" என்றேன். அவர் உள்ளே வரவில்லை. வெகுநேரம் முற்றத்திலேயே நின்றார். அப்போதும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஃபார்மலின் வாடை அவர் சட்டையில் எப்போதும் இருக்கும். பக்கத்துக் கிடங்கிலிருந்து வரும் சுக்கு வாசனையோடு அதுவும் கலந்து, எங்கள் வீட்டு வாசனை என்றே ஆகிவிட்டிருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை நீ அந்தச் சிசுவை வரைந்து கொண்டுவந்தாய். நீ வரைந்ததிலேயே நல்ல படம் அது. தலை குனிந்து, முழங்கால்கள் மடிந்து, வலது கை கன்னத்தடியில். இடது கை மட்டும் விரித்து, கண்ணாடியில் ஒட்டிவைத்ததுபோல் இருந்தது. பழக்கத்தில் விரல்களை எண்ணினேன். "என்ன கவனமில்லாத வேலை இது? ஆறு போட்டிருக்கிறாய்" என்றேன். "ஆறுதான்மா இருக்கு. மூணு தடவ எண்ணினேன்" என்றாய். பென்சிலால் அந்தச் சின்ன விரலைத் தொட்டுக் காட்டினாய். நொய் அளவு நகத்தைக்கூட விடாமல் போட்டிருந்தாய். தெருவில் போன உந்துவண்டிக்காரன் கூவியதுகூட எங்கோ தூரத்தில் கேட்டது. நீ எதிரே உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். உன் மூக்கைப் பார்த்தேன். பிறகு அந்தப் படத்தின் மூக்கைப் பார்த்தேன்.

நான் செய்தது இதுதான். அந்தத் தாளை நோட்டிலிருந்து கிழித்தேன். "மனுஷனுக்கு ஐந்து விரல். ஐந்து போட்டு வரை" என்றேன். "ஆனா அம்மா, பார்த்ததைத்தானே" என்று ஆரம்பித்தாய். "வாதாடாதே" என்றேன். உன் கண்ணில் நீர் முட்டியது, ரகு. பத்தொன்பது வயதுப் பையன். அழாமல், உதட்டைக் கடித்துக்கொண்டு ஐந்து விரலோடு வரைந்தாய். அதற்குப் பிறகு நீ எந்தப் படத்தைப் பற்றியும் என்னோடு வாதாடியதில்லை. எல்லாப் படங்களும் புத்தகத்தில் இருப்பதுபோலவே வந்தன. நல்ல மார்க் வாங்கினாய். முதுகலைக்கு விண்ணப்பிக்காமல் மருந்துக் கம்பெனி விற்பனைக்குப் போனபோது எல்லோரும் உன் விருப்பம் என்றார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நீ உன் கண்ணை நம்புவதை நிறுத்திய நாள் எனக்குத் தெரியும்.

ஐந்து விரல் படம் உங்கள் பேராசிரியருக்கு மிகவும் பிடித்துப்போனது. அதைப் பெரிதாக்கி, கண்ணாடிச் சட்டம் போட்டு, சாடிக்குப் பக்கத்தில் மாட்டச் சொன்னார். மாட்டியது உன் அப்பா. அன்று மாலை வந்து சட்டையைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ரகு படத்தை மாட்டினேன்" என்றார்.

"நன்றாயிருக்கிறதா?" என்றேன்.

"ஒரு விரல் கொறையுது."

"மனுஷருக்கு அஞ்சுதான்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். நான் கண்ணை எடுக்கவில்லை. "சரி" என்றார். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்தது. அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்கும் தெரிந்தது. அதன் பிறகு பதினோரு வருடம் ஒரே வீட்டில், ஒரே பாயில் இருந்தோம். இதைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. பொய் சொன்னவர் அவர், அவரே முதலில் வாயைத் திறக்கட்டும் என்று நான் இருந்தேன். மண்ணில் போட மனசு வரவில்லை என்பதை அவர் எப்படிச் சொல்லியிருப்பார் என்று இப்போது யோசிக்கிறேன். அப்போது யோசிக்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகும் மாதம் ஒரு முறை "பென்ஷன் விஷயம்" என்று படகேறிக் கல்லூரிக்குப் போனார். நான் டிபன் கட்டிக் கொடுத்தேன். கடைசி வாரம் படுக்கையில் இருந்தபோது ஒரு மதியம் என் கையைப் பிடித்து, "இப்ப அங்க யாரு ஊத்தறா?" என்று கேட்டார். என்ன கேட்கிறார் என்று எனக்கு நன்றாகப் புரிந்தது. "குழாய்த் தண்ணீர் வருகிறது, பேசாமல் படுங்கள்" என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

நீ போன் செய்த மறுநாள் காலை நான் கல்லூரிக்குப் போனேன். உன் டாக்டர் கையில் மட்டுமா, காலிலும் உண்டா என்று கேட்பார். எனக்குத் தெரியாது. நான் பார்க்காத ஒன்றைப் பார்த்ததாகச் சொல்லக் கூடாது. அதோடு, இத்தனை வருடத்துக்குப் பிறகு என் ஞாபகத்தையும் சரிபார்க்க வேண்டியிருந்தது. வாட்டர் மெட்ரோ படகில் போனேன். பட்டுச் சேலை கட்டியிருந்தேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

மியூசியப் பொறுப்பில் இப்போது ஒரு இளம் டீச்சர் இருக்கிறாள். பழைய அட்டெண்டரின் மனைவி என்றதும் நாற்காலி போட்டாள். நான் உட்காரவில்லை. உள்ளே பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் மூன்றாவது அலமாரியைச் சுற்றி ஸ்டூலில் உட்கார்ந்து ரெக்கார்டு வரைந்துகொண்டிருந்தார்கள். பென்சில் உரசும் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. சட்டத்தில் உன் படம் இருந்தது. அதற்குப் பக்கத்தில் அவள் இருந்தாள். என்னை உலுக்கியது அந்தப் பிள்ளைகள்தான். ஒரு தலைகூடச் சாடியின் பக்கம் திரும்பவில்லை. எல்லோரும் உன் படத்தைப் பார்த்து வரைந்துகொண்டிருந்தார்கள். முன்னால் இருந்த பெண்ணிடம், "எத்ர விரலாணு மோளே?" என்று கேட்டேன். நிமிராமலே, "அஞ்சு" என்றாள். அவள் முழங்கையிலிருந்து ஒரு சாண் தூரத்தில் அந்தக் கை கண்ணாடியில் ஆறு விரலையும் பதித்து நின்றது. பதினைந்து வருடமாக, வருடத்துக்கு ஒரு வகுப்பு, எல்லோரும் ஐந்து வரைந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். திருத்திய ஆசிரியர்களும் சரி போட்டிருக்கிறார்கள். கண்ணெதிரே இருக்கும் ஒரு குழந்தையை இத்தனை பேர் பார்க்காமல் இருக்க முடியும் என்று நான் நினைத்ததில்லை. அவர்களைப் பார்க்கவிடாமல் செய்தது நான்.

அருகே போனேன். மற்றச் சாடிகளில் மருந்து பழுப்பாகி, கால்வாசி இறங்கியிருந்தது. சிலவற்றில் பாம்பின் தலை வெளியே காய்ந்து தெரிந்தது. இதில் மட்டும் சாடியின் கழுத்து வரை, கிணற்றுத் தண்ணீர்போலத் தெளிவாக இருந்தது. டீச்சரிடம் கேட்டேன். அவளும் அதைக் கவனித்திருக்கிறாள். "ஞங்ஙள் ஆரும் இதைத் தொட்டிட்டில்லம்மா. நான் வந்து நாலு வருஷம். ஒரு துளிகூட ஊத்தல, ஆனா குறையல" என்றாள். மூடியை உன் அப்பா நன்றாக மெழுகு வைத்து அடைத்திருப்பார் என்று சொன்னேன். வெயில் அந்த அலமாரியில் விழாது. ஆனாலும் சாடியின் மேல் கை வைத்தபோது வெதுவெதுப்பாக இருந்தது. நான் இதை மிகைப்படுத்தவில்லை. வைத்த கையை எடுத்து, சேலையில் துடைத்து, மறுபடி வைத்துப் பார்த்தேன்.

கன்னத்தடியில் இருந்த வலது கையில் ஐந்துதான். பிறகு கால்களை எண்ணினேன். இடது காலில் ஐந்து. வலது கால் சுவர்ப் பக்கம் மறைந்திருந்தது. திருப்ப வேண்டும் என்றேன். டீச்சர் தயங்கினாள். "இது உங்களுக்கு யாரும்மா?" என்று மலையாளம் கலக்காமல் முழுத் தமிழில் கேட்டாள். அவள் பாலக்காட்டுக்காரி என்று பிறகு தெரிந்தது. பிள்ளைகள் எல்லோரும் வரைவதை நிறுத்தியிருந்தார்கள். நான் இதுவரை எந்த மொழியிலும் சொல்லாததைச் சொன்னேன்: "என் மூத்த மகள்." ஒரு பையன் எழுந்து நின்றான். ஏன் நின்றான் என்று அவனுக்கும் தெரிந்திருக்காது. அவன் நின்றதைப் பார்த்து எல்லோரும் நின்றார்கள். டீச்சர் சாடியை இரண்டு கையாலும், உள்ளே தூங்குபவளை எழுப்பக் கூடாது என்பதுபோல மெதுவாகத் திருப்பினாள். வலது காலிலும் ஆறு. அவளும் எண்ணினாள். பிறகு அந்த முன்வரிசைப் பெண் கிட்டே வந்து எண்ணினாள். எண்ணி முடித்து, தன் நோட்டைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். டீச்சர் நான் கேட்காமலே போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினாள். பதிவேட்டை எடுத்துக் காட்டினாள். எல்லா வரியிலும் எங்கிருந்து வந்தது, யார் கொடுத்தது என்று உன் அப்பாவின் குண்டு எழுத்தில் இருக்கிறது. அந்த ஒரு வரியில் மட்டும் அந்த இடம் காலி. நான் பேனா வாங்கி என் பெயரை எழுதினேன். அவர் பெயரையும் எழுதினேன். அவளை அங்கிருந்து எடுத்து மண்ணில் வைக்க வேண்டுமா, அங்கேயே இருக்கட்டுமா என்று நீயும் நானும் பிறகு பேசுவோம். அது அவசரமில்லை. அவசரமானது வேறு.

டாக்டரிடம் சொல்ல வேண்டியவை இவை. முதல் குழந்தை பெண். ஏழாம் மாதம் முடியும் முன் பிறந்தது. இடது கையில் ஆறு விரல், வலது காலில் ஆறு விரல். வலது கையும் இடது காலும் சரியாக இருக்கின்றன. பிறந்தபோது உடம்பு நீலம், சில மூச்சுக்கு மேல் இல்லை. இருதயம் சரியாக உருவாகவில்லை என்று பார்த்த டாக்டர் வாயால் சொன்னார்; காகிதம் எதுவும் இல்லை. உன் அப்பாவும் நானும் உறவுக்குள் கல்யாணம் செய்தவர்கள் இல்லை. இந்த ஏழு விஷயத்தையும் திங்கட்கிழமை நீங்கள் டாக்டரைப் பார்க்கப் போகும்போது சொல்ல வேண்டும். எக்கோ எடுக்கச் சொல். எடுக்கும்போது அந்தத் திரையை நீ உன் கண்ணால் பார். டாக்டர் சொன்ன பிறகு பார்க்காதே, சொல்வதற்கு முன் பார். புரியாவிட்டால் கேள். மூன்று வருடம் நீ படித்த படிப்பு அதற்குத்தான். நான் உன்னிடமிருந்து பிடுங்கியதும் அதைத்தான். இருதயம் நன்றாக இருக்கலாம். உனக்கு நன்றாகத்தானே இருக்கிறது. இல்லாவிட்டாலும், முன்பே தெரிந்தால் பிறந்த அன்றே கவனிக்க இப்போது வழி உண்டு என்று அந்த டீச்சர் சொன்னாள். என் மகளுக்கு அப்படி ஒரு வழி இருக்கவில்லை. உன் மகளுக்கோ மகனுக்கோ இருக்கிறது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் மட்டும் இருக்காது.

மாலதி என் மேல் கோபப்படுவாள். கோபப்படட்டும். அவளைச் சமாதானம் செய்யாதே, எனக்காக ஒரு வார்த்தையும் பேசாதே. அவள் வயிற்றில் இருக்கும் குழந்தையைப் பற்றி அவளிடமே பொய் போகும்படி செய்தவள் நான்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப் போவதில்லை. தபால் தாமதமாகும், திங்கட்கிழமை தாமதிக்காது. சனிக்கிழமை ரயிலில் வந்து உன் கையில் கொடுத்துவிட்டு, அறைக் கதவை நானே சாத்துவேன். ஆகவே நீ இந்த வரியை வாசிக்கும்போது நான் கதவுக்கு அந்தப் பக்கம், உங்கள் சாப்பாட்டு மேஜையில், மாலதிக்கு எதிரே உட்கார்ந்திருப்பேன். அவளிடம் இன்னும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன். வெளியே வா. வந்து அவள் பக்கத்தில் உட்கார். நான் ஆரம்பிக்கிறேன்.

அம்மா